கன்னியாகுமரி மாவட்டக் கடல் மீன்பிடிப்பில் தொழில்நுட்ப மாற்றமும் தொழில்திறனும்

ஒரு தொழிலில் புதிய கருவியோ இயந்திரமோ நுழையும்போது, அத்தொழிலைச் செய்வோருக்குத் தேவையான திறன்களும் மாறுகின்றன. சில திறன்கள் தேவையற்றுப் போகின்றன. சில வேறொருவர் கைக்கு இடம் மாறுகின்றன. சில புதிதாகத் தோன்றுகின்றன. தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் கடல் மீன்பிடித் தொழில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் ஓர் எடுத்துக்காட்டாகும். பாயும் துடுப்பும் கொண்ட கட்டுமரத்தில் தொடங்கி, வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய வள்ளம், பல வாரங்கள் கடலில் தங்கும் ஆழ்கடல் விசைப்படகு, செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி என இத்தொழில் ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலத்தில் உருமாறியுள்ளது. இக்கட்டுரை அம்மாற்றத்தின்போது மீனவரின் அறிவுக்கும் பயிற்சிக்கும் நேர்ந்தவற்றை விளக்குகிறது.

கடற்கரையும் மக்களும்

தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் உருவானது. இவற்றுள் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களை உள்ளடக்கிய பகுதியே மரபாக நாஞ்சில் நாடு எனப்பட்டது. மாவட்டத்தின் கடற்கரை சுமார் 70 கி.மீ. நீளமுடையது. கேரள எல்லையிலுள்ள நீரோடி வரை நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவர் ஊர்கள் இக்கரையில் நெருக்கமாக அமைந்துள்ளன. முக்குவர், பரவர் ஆகிய சமூகத்தினர் இங்குப் பெரும்பான்மையாக மீன்பிடித் தொழிலில் ஈடுபட்டுள்ளனர்.

இக்கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர அலை மிகவும் உயரமாக எழும். ஆகவே கடலுக்குள் செல்வதும் திரும்பிக் கரையேறுவதும் தாமே தனித் திறன்களாக விளங்கின. முனைக்குத் தெற்கே, கண்டத்திட்டின் நீட்சியாக வாட்ஜ் திட்டு எனப்படும் வளமான மீன்பிடிப் பகுதி உள்ளது. 1976 ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இப்பகுதியின் மீதான உரிமை இந்தியாவுடையது. பின்னாளில் சின்னமுட்டம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் ஆகிய இடங்களில் மீன்பிடித் துறைமுகங்கள் அமைக்கப்பட்டன.

இயந்திரங்களுக்கு முந்தைய திறன்கள்

கட்டுமரம்

எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படுவது கட்டுமரம். இச்சொல்லே ஆங்கிலம் முதலிய மொழிகளில் திரிந்து வழங்குகிறது. கட்டுமரத்திற்கு உட்குழிவு இல்லை. மேலேறும் நீர் மரங்களின் இடைவெளி வழியே வடிந்துவிடும். எனவே அலையில் கவிழ்ந்தாலும் அது மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைக்கலாம். கட்டுவது, அவிழ்ப்பது, பழுது பார்ப்பது ஆகிய மூன்றையும் மீனவரே செய்தனர். கலத்தைப் பற்றிய முழு அறிவும் அதைச் செலுத்துபவரிடமே இருந்தது என்பது இங்கு முக்கியமானது.

இடம் குறித்தல்

கடலடியில் பாறைகள் நிறைந்த இடம் 'பார்' எனப்படும். மீன் திரளும் இடங்களான இவற்றின் மேற்பரப்பில் அடையாளம் எதுவும் இராது. இவற்றைக் கண்டறிய மீனவர் கரையிலுள்ள அடையாளங்களைப் பயன்படுத்தினர். கணியம், கணிச்சம் போன்ற பெயர்களால் இம்முறை குறிக்கப்படுகிறது. ஆலயக் கோபுரம் ஒன்றும் அதன் பின்னாலுள்ள மலையுச்சி ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றும்போது, கலம் ஒரு நேர்கோட்டின் மேல் இருக்கிறது. வேறொரு திசையில் ஒரு தென்னந்தோப்பும் மற்றொரு குன்றும் அவ்வாறே பொருந்தினால் இரண்டாவது நேர்கோடு கிடைக்கிறது. இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே தேடிய இடம். வடிவியலில் இரு கோடுகளின் வெட்டுப்புள்ளி எனப்படுவதே கடலில் இவ்வாறு பயன்பட்டது.

இம்முறைக்கு இயற்கையான எல்லை ஒன்று உண்டு. புவி உருண்டையாக இருப்பதால், தொலைவு கூடும்போது தாழ்ந்த அடையாளங்கள் முதலில் மறைகின்றன. தோராயமாக, உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து அடிவானம் வரையுள்ள தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கட்டுமரத்தில் இருப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 30 மீட்டர் உயரக் கோபுரம் ஏறத்தாழ 23 கி.மீ. தொலைவுக்கு மேல் தெரியாது. 500 மீட்டர் உயர மலையோ, வானம் தெளிவாக இருந்தால், ஏறத்தாழ 83 கி.மீ. வரை தெரியக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு மிக அருகில் அமைந்துள்ள இம்மாவட்டத்தில் இம்முறை வளர்ச்சி பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

காற்றும் நீரோட்டமும்

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கேற்பக் காற்றுக்குப் பெயர்கள் வழங்கின. நீரோட்டம் 'நீவாடு' எனப்பட்டது. வலையிடும் நேரம், கரை திரும்பும் வழி, எந்த மீன் எப்பொழுது நெருங்கும் என்பவை இவற்றைக் கொண்டே முடிவு செய்யப்பட்டன. இரவில் விண்மீன்களும், பகலில் நீரின் நிறமும், மேகத்தின் அடுக்கும் வழிகாட்டின.

கற்கும் முறை

இவ்வறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. சிறுவர் முதலில் கரைமடி இழுப்பதில் சேர்ந்து, பின்னர்த் தந்தையுடனோ மாமனுடனோ கடலுக்குச் சென்று கற்றனர். நல்ல 'பார்' ஒன்றின் அடையாளம் குடும்பச் சொத்தாக மறைத்து வைக்கப்பட்டது. ஆகவே மூத்தவருக்கு ஊரில் கிடைத்த மதிப்பு, வயதை மட்டுமன்றி அவர் அறிந்து வைத்திருந்த இடங்களையும் பொறுத்ததாக இருந்தது.

மாற்றத்தின் கட்டங்கள்

இந்திய-நோர்வே திட்டம்

இந்தியா, நோர்வே, ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்று தரப்பினரும் 1952 ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின் அடிப்படையில், கொல்லத்திற்கு அருகிலுள்ள நீண்டகரையில் இந்திய-நோர்வே திட்டம் 1953 இல் தொடங்கியது. சிறிய இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தி மீனவர் வாழ்க்கையை உயர்த்துவது இதன் தொடக்க நோக்கமாகும். இறால் ஏற்றுமதி பெருகியபின் கவனம் இழுவலைப் படகுகளின் பக்கம் திரும்பியது. இம்மாற்றம் தென்மேற்குக் கரை முழுவதிலும் எதிரொலித்தது. இழுவலைப் படகுகள் கரையோரத்தில் வலையிட்டதால் கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் இடையே மோதல்கள் ஏற்பட்டன. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 இல் இயற்றப்பட்டு, கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதி இயந்திரமில்லாத கலங்களுக்கு ஒதுக்கப்பட்டது.

நைலான் வலை

பருத்தி, சணல் முதலிய இழைகளால் கையால் பின்னப்பட்ட வலைகளின் இடத்தை 1950களின் பிற்பகுதியிலிருந்து படிப்படியாக நைலான் வலைகள் பிடித்தன. நைலான் நீரில் அழுகாது. அடிக்கடி சாயமேற்றி உலர்த்த வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் இயந்திரத்தில் பின்னிய வலை கடைக்கு வந்ததும், வீட்டிலிருந்தே வலை பின்னிய பெண்களின் வருவாய் குறைந்தது. கைத்திறன் ஒன்று முழுவதுமாக ஆலைக்கு இடம்பெயர்ந்த முதல் நிகழ்வு இது எனலாம். வலையைப் பழுது பார்க்கும் திறன் மட்டும் கரையிலேயே எஞ்சியது.

ஒட்டுப்பலகை வள்ளம்

கட்டுமரத்திற்கு ஏற்ற பெருமரங்கள் அரிதாகி விலை உயர்ந்தபோது மாற்றுக் கலம் தேவைப்பட்டது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் படகு கட்டும் மையம் ஒன்றை நடத்தியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கில்லட் இப்பணியில் முக்கியப் பங்கு வகித்தார். பிரித்தானியாவின் இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவும் வடிவமைப்பில் உதவியது. கடல்நீரைத் தாங்கும் ஒட்டுப்பலகைத் துண்டுகளை அளவுப்படி வெட்டி, செப்புக்கம்பியால் தைத்து, இணைப்புகளின் மேல் கண்ணாடியிழைப் பட்டையை ஒட்டும் முறை இங்குப் பின்பற்றப்பட்டது. அலையைக் கடந்து மணலில் ஏறக்கூடிய வள்ளத்தை உருவாக்குவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பல வடிவங்கள் கரையில் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. கில்லட் இவ்வனுபவத்தை 1985 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். வெளியிலிருந்து வந்த வடிவமைப்பாளரின் கணக்கும், அலையை அறிந்த மீனவரின் குறைகூறலும் ஒன்றுசேர்ந்த பின்னரே வள்ளம் பயன்பாட்டுக்கு வந்தது என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

வெளிப்பொருத்து இயந்திரம்

1980களின் தொடக்கத்திலிருந்து வள்ளங்களின் பின்புறத்தில் பொருத்தப்படும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவின. 1980 இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் தளங்களையும் இயந்திரப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. இயந்திரம் பொருத்தியதால் தொலைவிலுள்ள இடங்களுக்கு விரைவாகச் செல்ல முடிந்தது. காற்றில்லாத நாளிலும் கடலுக்குப் போக முடிந்தது. அதே வேளையில் ஒவ்வொரு பயணத்திற்கும் எரிபொருளுக்குப் பணம் தேவைப்பட்டது. பங்கு முறையில், எரிபொருள் செலவைக் கழித்த பிறகே மீதித் தொகை உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பிரிக்கப்பட்டது. இயந்திரம் வாங்க ஏலக்காரரிடமோ வணிகரிடமோ கடன் பெற்றவர், பிடித்த மீனை அவரிடமே விற்க வேண்டியவரானார். ஊர்ச் சங்கங்கள் மீன் விற்பனை, சேமிப்பு, கடன் ஆகியவற்றைத் தாமே ஏற்று நடத்தியதன் நோக்கம் இச்சிக்கலை அவிழ்ப்பதாகும்.

ஆழ்கடல் மீன்பிடிப்பு

இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஆகிய எட்டு ஊர்களின் மீனவர்கள் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். இவர்கள் தூண்டிலும் செவுள்வலையும் கொண்டு கேரளம், கருநாடகம், மகாராட்டிரம், குசராத்து ஆகிய மாநிலக் கரைகளுக்கு அப்பாலும், இலட்சத்தீவுக் கடலிலும் தொழில் செய்கின்றனர். ஒரு பயணம் பத்து நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேலும் நீளும். கொச்சி போன்ற தொலைவுத் துறைமுகங்களில் மீனை இறக்குவதும் உண்டு. 2001 சூலையில் சுறா, திருக்கை வகைகள் அனைத்தையும் நடுவண் அரசு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மீனவர் எதிர்ப்பைத் தொடர்ந்து அவ்வாண்டு டிசம்பரில் அத்தடை குறிப்பிட்ட சில இனங்களுக்கு மட்டும் என மாற்றப்பட்டது. இதனால் சுறா இனங்களைப் பிரித்தறிவதும் சட்டத்தை அறிந்திருப்பதும் தொழில்திறனின் பகுதிகளாயின.

மின்னணுக் கருவிகள்

1990களின் பிற்பகுதியிலிருந்து ஜி.பி.எஸ். கருவிகள் படகுகளில் இடம்பெறத் தொடங்கின. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதத்தில் அமெரிக்கா நீக்கியது. ஏறத்தாழ 100 மீட்டராக இருந்த பிழை அதன்பின் பத்து இருபது மீட்டர் அளவுக்குக் குறைந்தது. கடலடிப் பாறையொன்றுக்கு நேராகத் திரும்பி வர இத்துல்லியம் போதுமானதாகும்.

எக்கோ சவுண்டர் எனப்படும் ஒலிவழி ஆழமானி, நீருக்குள் ஒலித்துடிப்பை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி 0.1 நொடியில் திரும்பினால், ஒலி சென்று வந்த தொலைவு 150 மீட்டர். ஆழம் அதில் பாதியான 75 மீட்டர். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்த வேலையை இக்கருவி செய்கிறது. இடையிலுள்ள மீன் கூட்டத்தையும் காட்டுகிறது.

1999 இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவித்து வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் குளச்சல், மணக்குடி முதலிய ஊர்கள் பேரழிவைச் சந்தித்தன. மீட்புப் பணியின்போது பெரும் எண்ணிக்கையில் கண்ணாடியிழைப் படகுகள் வழங்கப்பட்டதால், கட்டுமரத்திலிருந்து இயந்திரப் படகுக்கு மாறும் போக்கு மேலும் விரைவுற்றது.

திறன்களில் ஏற்பட்ட மாற்றம்

மேற்கண்ட மாற்றங்களைத் திறன்களின் நோக்கில் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

தேவை குறைந்த திறன்கள்: பாய் விரித்துக் காற்றுக்கேற்பத் திருப்புதல், நெடுந்தொலைவு துடுப்பு வலித்தல், கட்டுமரம் பிணைத்தல், கையால் வலை பின்னுதல், கரை அடையாளங்களால் இடம் குறித்தல்.

இடம் மாறிய திறன்கள்: கலம் கட்டும் அறிவு படகுத் தளத்திற்கும், வலை பின்னும் அறிவு ஆலைக்கும், பழுது நீக்கும் அறிவின் பெரும்பகுதி பட்டறைக்கும், இடமறியும் கணக்கு கருவிக்கும் சென்றன.

புதிதாகத் தேவைப்பட்ட திறன்கள்: இயந்திரத்தைப் பேணுதல், எரிபொருள் கணக்கு, அகலாங்கு நெட்டாங்கு எண்களைப் படித்தல், ஆழமானித் திரையில் பாறையையும் மீன் கூட்டத்தையும் வேறுபடுத்தல், வி.எச்.எஃப். வானொலியைக் கையாளுதல், உரிமம், பதிவு, காப்பீடு தொடர்பான ஆவணங்களை அறிதல்.

மாறாமல் நிலைத்த திறன்கள்: அலையின் இடைவெளி பார்த்துக் கரையேறுதல், வானத்தையும் நீரோட்டத்தையும் கணித்தல், வலையிடும் நேரத்தைத் தெரிந்தெடுத்தல், பிடித்த மீனைக் கெடாமல் காத்தல்.

மாறாத திறன்களும் சில வேளைகளில் புதிய கருவியோடு சேர்ந்து கடினமாயின. வெளிப்பொருத்து இயந்திரத்துடன் மணலில் கரையேறும்போது, அலையின் முதுகில் வேகத்தைத் தக்கவைத்து, தரை தட்டுவதற்குச் சற்று முன் சுழல்விசிறியை மேலே தூக்க வேண்டும். முந்தினால் வள்ளம் அலையில் திரும்பிவிடும்; பிந்தினால் விசிறி உடையும். அலையை அறியாதவர் இயந்திரத்தை மட்டும் கற்று இதைச் செய்ய முடியாது.

அறிவின் உடைமையும் மாறியது. கணியம் ஒருவரின் நினைவில் இருந்தது; அவராகச் சொன்னாலன்றிப் பிறர் அறிய இயலாது. ஜி.பி.எஸ். எண்ணையோ ஒரு நொடியில் படியெடுக்கலாம். இளைஞர் ஒருவர் இருபது ஆண்டுப் பழக்கமின்றியே 'பார்' ஒன்றை அடைய முடிகிறது. இது வாய்ப்பைப் பரவலாக்கியது என்பது ஒரு பார்வை. ஒரே பாறையில் பலர் குவிவதற்கும் மூத்தவரின் மதிப்புக் குறைவதற்கும் இது வழிவகுத்தது என்பது மற்றொரு பார்வை. இரண்டிலும் உண்மை உண்டு.

பெண்களின் வேலை

ஆத்திரேலிய மானிடவியலாளர் கல்பனா ராம் கடியபட்டணத்தில் களப்பணி செய்து, முக்குவப் பெண்களைப் பற்றி 1991 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. ஆண்கள் கடலிலிருக்கும்போது வீட்டுச் செலவு, கடன், மீன் விற்பனை ஆகியவற்றைப் பெண்களே நடத்தினர். கரையில் விலை பேசுதல், மீனின் தரம் பார்த்தல், கருவாடு பதப்படுத்தல், உள்நாட்டு ஊர்களில் வாடிக்கையாளரைத் தக்கவைத்தல் ஆகியன அவர்களின் திறன்களாகும்.

மீன் இறங்குமிடம் ஊர்க்கரையிலிருந்து துறைமுகத்திற்கு மாறியபோது, தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள் பேருந்தும் பனிக்கட்டியும் முதலீடும் தேடவேண்டியவராயினர். ஆழ்கடல் படகின் மீன் வேறு மாநிலத்தில் ஏலம் போகும்போது, அவ்வூர்ப் பெண்ணின் விற்பனைத் திறன் பயன்படுவதே இல்லை. வலை பின்னுதலை இழந்த பெண்களுக்கு, இயந்திரம் தொடர்பான புதிய வேலைகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. தொழில்நுட்ப மாற்றத்தால் பறிபோகும் வேலையும் உருவாகும் வேலையும் ஒரே ஆளுக்குச் சேர்வதில்லை என்னும் பொருளியல் கருத்துக்கு இது நேரடிச் சான்றாகும்.

ஒக்கி புயல் காட்டிய இடைவெளி

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், விரைவாக வலுப்பெற்று 30 ஆம் நாள் முற்பகலில் குமரிக் கடலில் ஒக்கி புயலாக மாறியது. அது பின்னர் இலட்சத்தீவு வழியே அரபிக்கடலுக்குள் சென்று டிசம்பர் முதல் வாரத்தில் குசராத்துக் கரையருகே வலுவிழந்தது. கன்னியாகுமரி மாவட்ட மீனவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். காணாமற்போனவர்களைத் தேடக் கோரி, டிசம்பர் 7 அன்று குழித்துறை தொடர்வண்டி நிலையத்தில் மீனவர் குடும்பத்தினர் பெருந்திரளாக மறியலில் ஈடுபட்டனர்.

திறன், கருவி ஆகியவற்றின் உறவை இந்நிகழ்வு கடுமையாக வெளிப்படுத்தியது. ஆழ்கடல் படகுகள் புயல் உருவாவதற்குப் பல நாள்கள் முன்பே கரையை விட்டுச் சென்றிருந்தன. அவற்றில் ஜி.பி.எஸ். இருந்தது, தாம் எங்கிருக்கிறோம் என்பது படகிலிருந்தோருக்குத் தெரியும். ஆனால் கரையிலிருந்த எவருக்கும் அது தெரியாது. ஜி.பி.எஸ். குறிகையைப் பெறுமேயன்றி எதையும் அனுப்பாது. வி.எச்.எஃப். வானொலி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், சில பத்துக் கடல் மைல்களுக்கு அப்பால் கரைக்கு எட்டுவதில்லை. கைப்பேசி கரையோரத்தில் மட்டுமே பயன்படும். இவ்வாறாக, படகைத் தொலைவுக்குக் கொண்டுசென்ற தொழில்நுட்பம், எச்சரிக்கையை அதே தொலைவுக்குக் கொண்டுசெல்லும் தொழில்நுட்பத்தைவிட முன்னே ஓடிவிட்டது.

கட்டுமரக் காலத்தில் மீனவர் சென்ற தொலைவும் அவர் வானிலையைக் கணிக்கக்கூடிய காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. மாலைக்குள் திரும்புபவருக்கு அன்றைய வானத்தைப் படிக்கும் திறன் பெருமளவு போதுமானது. முப்பது நாள் பயணத்திற்கு அது போதாது. பழைய திறன் பயனற்றதாகிவிடவில்லை. அது காக்கக்கூடிய எல்லைக்கு அப்பால் வேலை நகர்ந்துவிட்டது.

புயலுக்குப் பின் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நாவிக் அமைப்பு வழியாகச் செய்தி பெறும் கருவிகள் மீனவருக்கு வழங்கப்பட்டன. 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி அறிமுகமானது. இவை பெறுவதற்கு மட்டுமே உரியவை. உதவி கேட்டுச் செய்தி அனுப்ப இயலாது. இருவழித் தொடர்புடைய செயற்கைக்கோள் கருவிகளை 1 இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகத்து 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

பயிற்சியும் சான்றும்

புதிய திறன்களை யார் கற்பிப்பது, அக்கல்விக்கான செலவை யார் ஏற்பது என்பன இம்மாவட்ட வரலாற்றில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளாகும். 1963 இல் கொச்சியில் தொடங்கப்பட்ட நடுவண் மீன்பிடிக் கடலியல் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனம், சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகளைக் கொண்டுள்ளது. பெரிய மீன்பிடிக் கப்பல்களுக்கான அலுவலரையும் பொறியாளரையும் இது உருவாக்குகிறது. சிறு படகு மீனவர் பெரும்பாலும் கருவியை விற்றவரிடமும் உடன் தொழில் செய்பவரிடமும் கற்றனர். கருவியை இயக்குவது இவ்வாறு எளிதில் பரவியது. கருவி பழுதடைந்தால் செய்ய வேண்டியவை, அதன் எல்லை, அவசர அழைப்பு முறை ஆகியவை அவ்வளவு எளிதில் பரவவில்லை. வி.எச்.எஃப். வானொலியில் 16 ஆம் அலைவரிசை பன்னாட்டளவில் ஆபத்து அழைப்புக்கு உரியது என்பது, வானொலி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

சான்றிதழ் மற்றொரு சிக்கல். கடலில் கற்றவருக்கு அத்திறனை மெய்ப்பிக்கும் ஆவணம் கிடையாது. இம்மாவட்ட மீனவர் பலர் வளைகுடா நாடுகளில் மீன்பிடிப் படகுகளில் கூலிக்கு வேலை செய்கின்றனர். 2020 இல் கோவிட்-19 பரவலின்போது ஈரானில் சிக்கிக்கொண்ட மீனவர்கள் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடிக்கு அழைத்து வரப்பட்டனர். அவர்களில் கன்னியாகுமரி மாவட்டத்தவரும் அடங்குவர். எல்லாக் கடலிலும் பயன்படும் திறன் இவர்களிடம் இருப்பினும், அத்திறனுக்குரிய தகுதியும் பாதுகாப்பும் வேலை ஒப்பந்தத்தில் இடம்பெறுவது அரிது.

மரபறிவைப் பதிவு செய்யும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. இம்மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளரான வறீதையா கான்ஸ்தந்தின், நெய்தல் நில மக்களின் வாழ்வையும் சொற்களையும் கடலறிவையும் பற்றிப் பல நூல்கள் எழுதியுள்ளார்.

பிற இடங்களுடன் ஒப்பீடு

இயந்திரமயமாக்கம் தொழிலாளியின் முழுமையான கைத்திறனைச் சிறு சிறு வேலைகளாக உடைத்து, அறிவை மேலாளரிடம் சேர்க்கிறது என அமெரிக்க எழுத்தாளர் ஹாரி பிரேவர்மன் 1974 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆலைகளை நோக்கி எழுந்த இக்கருத்து கன்னியாகுமரிக் கரைக்கு ஓரளவே பொருந்துகிறது. வலை பின்னுதலிலும் படகு கட்டுதலிலும் அது உண்மை. ஆனால் வள்ளத்தில் செல்பவர் இன்றும் தாமே முடிவெடுக்கிறார். அவர் அறிந்திருக்க வேண்டியவை குறையவில்லை, கூடியுள்ளன.

அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் 1990களின் இறுதியில் விண்மீன் கொண்டு திசையறியும் பாடத்தைக் கைவிட்டு, 2015 இல் மீண்டும் தொடங்கியது. செயற்கைக்கோள் குறிகை தடைபட்டால் மாற்று வழி வேண்டும் என்பதே காரணம். மிக உயர்ந்த கருவிகளை வைத்திருக்கும் கடற்படையே பழைய முறையைக் காப்பாகக் கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு கருவியை நம்பிச் செல்லும் சிறு வள்ளத்திற்கு அத்தேவை மிகுதி என்பது வெளிப்படை.

மதிப்பீடு

கன்னியாகுமரிக் கரையின் பட்டறிவு, 'இயந்திரம் வந்தால் திறன் அழியும்' என்பதையோ, 'இயந்திரம் வந்தால் திறன் உயரும்' என்பதையோ முழுமையாக ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் பழைய அறிவின் ஒரு கூற்றை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது. ஜி.பி.எஸ். 'எங்கே' என்பதற்கு விடை தருகிறது; 'போகலாமா' என்பதற்குத் தருவதில்லை. அக்கேள்விக்கான விடை காற்றையும் நீவாட்டையும் அறிந்தவரிடமும், வானிலை மையத்திடமும், அவ்விருவரையும் இணைக்கும் செய்தித் தொடர்பிலும் உள்ளது. கருவி வழங்குவதோடு நின்றுவிடாமல், அதன் எல்லையையும் கற்பித்து, மூத்தவரின் அறிவையும் பயிற்சியில் சேர்த்து, திறனுக்குச் சான்றும் வழங்கும்போதே தொழில்நுட்ப மாற்றம் தொழில் செய்பவருக்குப் பயன்தரும். ஒட்டுப்பலகை வள்ளம் வெற்றி பெற்ற வழியும் அதுவே.

இவற்றையும் பார்க்க

கட்டுமரம்
நாஞ்சில் நாடு
நெய்தல்
தூத்தூர்
ஒக்கி புயல்
உலகளாவிய இடமறியும் அமைப்பு